ராலி கார் கட்டுவது, ஓட்டுவது, இரண்டையும் ஒரே ஆள் வேலையாகச் செய்ய முடியுமா?

கேள்வி கேட்டவர் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறார், ராலி கார் (மூடிய சாலைகளில் ஒவ்வொன்றாகக் கிளம்பி நேரத்தோடு போட்டி போடுகிற கார்) கட்டவும் வேண்டுமாம், அதை ஓட்டவும் வேண்டுமாம். நான் இரண்டையும் செய்கிறவன் என்பதால் சொல்கிறேன்.

முடியும். ஆனால் கார் கட்டுவதில் காசு வரும், ஓட்டுவதில் போகும். மற்றவர்களின் கார்களுக்கு ரோல் கேஜ் (கார் உருண்டாலும் உள்ளே இருப்பவரைக் காக்கும் குழாய்க் கூண்டு) போடுவது, சஸ்பென்ஷனின் துள்ளலை அடக்கும் டேம்பரைப் பிரித்துச் சேர்ப்பது, கியர்பாக்ஸ் பார்ப்பது, இதுதான் என் பிழைப்பு. அதில் மிஞ்சுவது என் காருக்குப் போகிறது. ஓட்டுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் ரொம்பக் கொஞ்சம், அந்தக் கணக்கை நம்பிப் படிப்பை விட்டுவிடாதீர்கள்.

காலேஜில் சொல்லித்தராத ஒன்றைச் சொல்கிறேன். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிப்படி ரோல் கேஜின் மெயின் ஹூப்புக்கு (சீட்டுக்குப் பின்னால் நிற்கும் முக்கிய வளைவுக் குழாய்) 45 மி.மீ விட்டம், 2.5 மி.மீ கனமுள்ள சீம்லெஸ் ஸ்டீல் குழாய் வேண்டும் (50 மி.மீ என்றால் கனம் 2 போதும்), ஒவ்வொரு மூட்டிலும் குழாயைச் சுற்றி முழுக்க வெல்டிங் இருக்க வேண்டும். படிக்கச் சுலபம். ஆனால் நல்ல கேஜ் கூரையை ஒட்டியே போகும், மேல் மூட்டுக்கும் கூரைக்கும் நடுவில் வெல்டிங் டார்ச் நுழையாது. அதனால் கேஜின் கால் நிற்கும் இடங்களில் தரைத் தகட்டை வெட்டி, மொத்தக் கேஜையும் அந்த ஓட்டைகள் வழியாகக் கீழே இறக்கி, மேல் பக்கத்தை வெல்ட் செய்துவிட்டு, திரும்பத் தூக்கி நிறுத்தி, ஓட்டைகளைத் தகடு வைத்து மூடி, அதன்மேல் காலை வைத்து வெல்ட் செய்வோம். இந்தச் சிரமத்துக்குப் பயந்து முக்கால் சுற்று மட்டும் வெல்ட் வைத்துவிட்டு மேலே பெயிண்ட் அடித்து மறைத்த கேஜ்களும் சந்தையில் உண்டு. பழைய ராலி கார் வாங்கப் போனால் இன்ஜின் சத்தத்தில் மயங்காமல், முதலில் கூரைக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடியை விட்டுப் பாருங்கள்.

சரி, ஓட்டுவதால் கட்டுகிறவனுக்கு என்ன லாபம்? நிறைய. டீம் மெக்கானிக்குகள் வேலை பார்க்கும் சர்வீஸ் பார்க்குக்கு வெளியே கார் நின்றுவிட்டால் டிரைவரும், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் கோ-டிரைவரும்தான் கை வைக்கலாம், அதுவும் காரிலேயே இருக்கும் டூல்ஸ், பார்ட்ஸை வைத்து. உலக ராலியில் அடுத்த டைம் கன்ட்ரோலுக்கு (குறித்த நேரத்தில் போய்ப் பதிய வேண்டிய இடம்) ஒரு நிமிடம் தாமதமானால் 10 விநாடி அபராதம், சீக்கிரம் போய்விட்டால் ஒரு நிமிடத்துக்கு ஒரு நிமிடமே அபராதம். கொதிக்கிற எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் மண்ணில் படுத்துக்கொண்டு, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடை மாற்றியவன், அதற்கப்புறம் கட்டுகிற கார் வேறு மாதிரி இருக்கும். என் காரில் கீழ்ப்பக்க போல்ட்டுகள் முடிந்த அளவு 13, 17 என்று இரண்டே ஸ்பேனரில் அடங்கும். எடை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எனக்குள் இருக்கும் டிரைவர் பொய் சொல்வார். "வளைவில் மூக்கு உள்ளே வரவில்லை, முன் டேம்பரை மாற்று" என்பார். ஓட்டத்தைப் பதிவு செய்யும் டேட்டா லாகரில் பிரேக் பிரஷரையும் ஸ்டியரிங் கோணத்தையும் பார்த்தால் ஐயா பிரேக்கைச் சீக்கிரமே விட்டுவிட்டு, முன் டயரில் பாரம் இல்லாத நேரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பியிருப்பார். அதற்கு டேம்பர் என்ன செய்யும்? ஆனால் சில விஷயம் ஓட்டுகிற உடம்புக்குத்தான் முதலில் தெரியும். நீளமான மண் ஸ்டேஜில் (நேரம் எடுத்து ஓட்டும் பந்தயப் பகுதி) டேம்பர் எண்ணெய் சூடாகி, ஆரம்பத்தில் நன்றாக உட்கார்ந்த கார் கடைசி சில கிலோமீட்டரில் மிதக்கத் தொடங்கும். அதனால் புது செட்டிங் எதுவானாலும் என்னை விட வேகமான ஒருவரையும் ஓட்ட வைத்துப் பார்த்த பிறகுதான் முடிவு செய்கிறேன்.

பெரிய ஆட்களைப் பார்த்தால் சீட்டிலிருந்து இறங்கி, கார் கட்டும் டீம்களை நடத்தப் போனவர்களே அதிகம் கண்ணில் படுகிறார்கள். 1981-இல் ஆரி வாட்டனன் உலக சாம்பியன் ஆனபோது கோ-டிரைவராக இருந்த டேவிட் ரிச்சர்ட்ஸ் 1984-இல் ராலி கார் கட்டும் புரோடிரைவ் நிறுவனத்தைத் தொடங்கினார். டிரைவராக இருந்த மால்கம் வில்சன் அதே வேலை செய்யும் எம்-ஸ்போர்ட் நிறுவனத்தை வளர்த்தார். 1996 முதல் 1999 வரை நான்கு முறை பட்டம் வென்ற டாமி மாக்கினன்தான் 2017-இல் திரும்பி வந்த டொயோட்டா அணிக்குத் தலைமை ஏற்றவர். பட்டறையிலிருந்து எழுந்து வந்து உச்சத்தில் ஓட்டியவர்கள் அரிது, அதைத் தெரிந்துகொண்டே வாருங்கள்.

எங்கே தொடங்குவது என்றால், ஏதாவது ஒரு டீமில் சர்வீஸ் ஆளாகச் சேருங்கள், டயர் கழுவச் சொன்னாலும் சரி. வெல்டிங் கைப்பழக்கமாக வரட்டும். முதல் கார் சக்தி குறைந்த முன் சக்கர டிரைவ் காராக இருக்கட்டும், டர்போ ஆசை பிறகு. அதற்கும் முன்னால் கொஞ்ச காலம் கோ-டிரைவராக உட்காருங்கள். செலவு குறைவு, பேஸ் நோட்ஸ் (வளைவுகளை முன்கூட்டியே எழுதி வைத்த குறிப்பு), நேரம் பதியும் டைம் கார்டு, விதிப் புத்தகம் மூன்றும் பழகிவிடும். குலுங்குகிற காரில் குனிந்து படித்தால் வாந்தி வருகிற ஆளா நீங்கள் என்பதும் முதல் ஸ்டேஜிலேயே தெரிந்துவிடும்.