உப்புப் பாத்தியில் வளரும் பரப்பு: கேள்வி பதில்

கேள்வி (அகஸ்தியம்பள்ளி): கோடை மழைக்கு மறுநாள் உப்புமணிகளின் முனைகள் மழுங்கிக் கிடக்கின்றன, சில நாள் வெயிலில் மறுபடி சதுரமாகிவிடுகின்றன. கரைந்த வழியிலேயே திரும்பி வளர்கின்றனவா, ஐயா?

பதில்: இல்லை. மழைநீர் அடர்த்தி குறைந்தது என்பதால் முதலில் உவர்நீரின் மேல் தங்குகிறது. காற்று எழுவதற்குள் அதை வடித்துவிட்டால் அடியிலுள்ள மணிகள் பெரும்பாலும் தப்பும். கலந்துவிட்டாலோ, போமே என்னும் அடர்த்தி அளவில் 25 டிகிரிக்கு மேல் இருந்த நீர் இளகி, மணி கரையத் தொடங்கும். முனையிலுள்ள அயனியைப் பிடித்திருக்கும் அண்டை அயனிகள் குறைவு. ஆகவே அதுவே முதலில் பிரிகிறது. அவ்வாறு தேய்ந்த வளைவு, அணு அளவில் நெருக்கமான படிக்கட்டு. நீர் மறுபடி செறிந்ததும் புதிய அயனிகள் அந்தப் படிகளில் எளிதாக ஒட்டுவதால், மழுங்கிய இடம் விரைவாக வளர்ந்து தானே மறைந்துபோகிறது. மெதுவாக வளரும் தட்டை முகங்களே எஞ்சுகின்றன.

கேள்வி (மன்னார்குடி): கற்கண்டுப் பாகு ஆறினால் மணி கட்டுகிறது. இரவுக் குளிரில் உப்பு ஏன் அப்படி இறங்குவதில்லை?

பதில்: 100 கிராம் நீரில் சர்க்கரை 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 200 கிராம் கரையும்; கொதிநிலையில் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். உப்போ 36 கிராமிலிருந்து 39 வரைதான் ஏறும். உப்பளத்தை நடத்துவது குளிரன்று, வெயிலும் காற்றும்.

கேள்வி (கும்பகோணம்): வறண்ட காற்று வீசும் நாளில் குழிந்த கூம்பு போன்ற உப்பு மிதப்பதைப் பார்த்தேன். அது எப்படி?

பதில்: நீர் திடீரென மிகைச்செறிவு அடையும்போது, அதாவது கரையக்கூடிய அளவுக்கு மேல் உப்பு அதில் சேரும்போது, முனைக்கும் விளிம்புக்கும் புதுச் சரக்கு எளிதில் கிடைக்கிறது; முகத்தின் நடுப்பகுதி பட்டினி கிடக்கிறது. மிதக்கும் மணி எடை கூடச் சற்றுச் சற்றாக அமிழ, நீர்மட்டத்திலுள்ள விளிம்பு மட்டும் வளர்ந்துகொண்டே போவதால், தலைகீழ்க் கூம்பு உருவாகிறது.

கேள்வி (நாகப்பட்டினம்): நிலைமை சீரானதும் பரப்பு பழையதை மறந்துவிடுமா?

பதில்: சிறு மேடுபள்ளங்கள் முதலில் மறையும், பெரியவை தாமதிக்கும். ஒழுங்கற்று வளரும் பரப்புகளுக்கென 1986இல் கார்டர், பரிசி, ஜாங் ஆகிய மூவர் அமைத்த சமன்பாட்டில், கோடுபோன்ற வளர்முனையில் 8 மடங்கு காலம் கழிந்தால், புதிய நிலைமைக்குப் பழகிய நீளம் 4 மடங்குதான் ஆகிறது. படிப்படியாக வளரும் உப்பின் முகத்துக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது. உப்பு வேறு விதத்தில் நினைவு வைத்திருக்கிறது: அவசரமாக வளர்ந்த அடுக்கில் உவர்நீர் சிறு குமிழ்களாகச் சிக்கி, பால்நிறமாகத் தெரிகிறது, நிதானமாக வளர்ந்த அடுக்கு கண்ணாடியாக இருக்கிறது. சூடான வாணலியில் கல்லுப்பு படபடவென வெடிப்பது, அந்தச் சிறைப்பட்ட நீர் ஆவியாகிக் கல்லைப் பிளப்பதனால்தான்.