அம்மாயியின் பிறப்புச் சான்றிதழ்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தலவாக்கலைக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது கொழும்பில் வேலை செய்கிறேன். எங்கள் குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடத் தொடங்கியிருக்கிறேன். அம்மாயிக்கு வயது 86. தன் தகப்பனார் சிறுபிள்ளையாக இந்தியாவிலிருந்து தலைமன்னார் வழியாக வந்தவர் என்றும், ஊர் "துறையூர்ப் பக்கம்" என்றும் சொல்கிறார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. அவருடைய பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தோம். அதில் தோட்டத்தின் பெயர் நாங்கள் கேள்விப்படாத ஆங்கிலப் பெயராக இருக்கிறது. பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதியிருக்கிறது. அதைப் பார்த்த அம்மா இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. கப்பலில் வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கே கிடைக்கும்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் அம்மாவுக்கான பதில். தாலி கட்டினார்களா என்று அந்தப் பதிவேடு கேட்கவில்லை. விவாகப் பதிவு இருக்கிறதா என்றுதான் கேட்டது. மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடி நடத்திய கல்யாணத்துக்குப் பதிவாளர் வந்ததில்லை, யாரும் அவரை அழைத்ததுமில்லை. என் தாத்தாவின் பிறப்புப் பத்திரத்திலும் அதே "இல்லை" இருக்கிறது. எங்கள் வீட்டு டிரங்குப்பெட்டியில் நான்காக மடித்துவைத்து, மடிப்புகள் நைந்து பிய்ந்துபோன அந்தத் தாளை நானும் ஒரு நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நம்மவர்களைப் பற்றிய பழைய பத்திரம் எதுவானாலும், அதை எழுதியவருக்கு எதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்று கேட்டுக்கொண்டேதான் வாசிக்க வேண்டும். தோட்டத்தை நடத்திய துரைக்குப் பேர்க்கணக்கும், ஆள் திரட்டிவந்து வேலை வாங்கிய கங்காணிக்குக் கடன் கணக்கும் வேண்டியிருந்தன. அரசாங்கத்துக்கோ நாம் இந்த நாட்டவரா என்பது தெரிய வேண்டியிருந்தது.

ஆகவே, கப்பல் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914இல் படகுச் சேவை தொடங்கியது. உங்கள் பூட்டனாரும் அதில் வந்தவராக இருக்கலாம். அக்காலத்தில் இந்தியக் கரையிலிருந்த மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களுக்கு ஒரு தகரத் துண்டைக் கொடுத்தார்கள். அதில் மாவட்டத்தைக் குறிக்கும் ஓர் எழுத்தும், தோட்டத்துக்கும் ஆளுக்குமான எண்களும் இருந்தன, பெயர் இருக்கவில்லை. பெயர் எழுதிய பட்டியல் ஒன்று கைக்கு வந்தாலும், கருப்பன் மகன் முத்தன் என்று எத்தனை பேரை அதில் காண்பீர்கள்? எந்த முத்தன் உங்களுடையவர் என்பதை இலங்கையிலுள்ள பத்திரங்களால்தான் உறுதி செய்ய முடியும். வீட்டிலிருந்து பின்னோக்கிப் போங்கள்: ஊழியர் சேமலாப நிதி அட்டை, தோட்டப் பாடசாலையின் சேர்வு இடாப்பு, வேறு தோட்டத்துக்குப் போகையில் வாங்கிய பத்துச்சீட்டு (வேலையிலிருந்து விடுவித்த சீட்டு), வேதக்காரக் குடும்பமானால் ஞானஸ்நானப் பதிவேடு.

எழுத்துக்கூட்டலில் எச்சரிக்கை தேவை. என் பூட்டனார் வீரனின் மரணப் பதிவைத் தேட இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் அப்படியொரு பதிவு காணப்படவில்லை என்றே பதில் வந்தது. மூன்றாவது முறை, ஓய்வு பெற்ற எழுதுவினைஞர் ஒருவரின் யோசனைப்படி, ஆங்கில அட்டவணையில் "வி" என்ற எழுத்தை விட்டு "டபிள்யூ"வில் பார்க்கச் சொன்னேன். அங்கே இருந்தார். இடத்திலும் குழப்பம் வரும்: ஹட்டன், மஸ்கெலியா பகுதிகள் ஒரு காலத்தில் கண்டி மாவட்டத்தோடு இருந்தவை. நுவரெலியாவில் இல்லையென்றால் கண்டியிலும் தேடச் சொல்லுங்கள்.

தோட்டத்தின் பெயர் அம்மாயிக்கே தெரியாததில் வியப்பில்லை. துரைமார் வைத்த பெயர் ஒன்று, நம்மவர்கள் அழைத்த பெயர் வேறொன்று. பழைய ஃபர்குசன் டைரக்டரி என்ற தகவல் நூலில் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களும் தரப்பட்டிருக்கின்றன. தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கேட்டுப் பாருங்கள்.

பூர்வீக ஊரைப் பொறுத்தவரை, ஒரே குடும்பத்தின் இரண்டு பத்திரங்கள் இரண்டு விதமாகப் பேசும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இங்கே பிறந்தவர்களிடம், தகப்பன் இங்கே பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. (நமது பழைய பிறப்புச் சான்றிதழ்ப் படிவத்தில் பாட்டனுடைய பிறந்த ஆண்டையும் இடத்தையும் கேட்டிருப்பார்கள். முன்பு அந்தக் கட்டத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். இப்போது முதலில் தேடுவதே அந்தக் கட்டத்தைத்தான்.) அந்த ஆதாரம் இல்லாதவர்களுக்காக 1949இல் வந்த சட்டம், மணமானவர்கள் 1939ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதியிலிருந்தும், மற்றவர்கள் 1936ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதியிலிருந்தும் தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும் என்றது, ஒரே தடவையில் 12 மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். நம்மவர்களின் அமைப்பாக இருந்த இலங்கை இந்திய காங்கிரஸ் முதலில் புறக்கணிக்கச் சொல்லிப் பிறகு விண்ணப்பிக்கச் சொன்னது. 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதி முடிவடைவதற்குள் சுமார் 237,000 விண்ணப்பங்கள் போய்ச் சேர்ந்தன. உங்கள் பூட்டனார் விண்ணப்பித்திருந்தால் அதில் அம்மாயியின் பெயரும் சிறுமியாக இருக்கும். ஆனால் ஊரைப் பற்றி அதில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஊர்த் தொடர்பைக் காட்டினால் விண்ணப்பம் கெடும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

நம்மவர்களின் பிரஜாவுரிமை பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு, இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்களின் (இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பித்தவர்களின்) நிலை இதற்கு நேர்மாறானது. அவர்கள் கிராமம், தாலுகா, ஜில்லா என்று சொல்ல வேண்டியவர்களாக இருந்தார்கள். எனவே அம்மாயியின் கூடப்பிறந்தவர்களோ சித்தப்பா பிள்ளைகளோ கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் போனார்களா என்று கேளுங்கள். உங்கள் பூட்டனாரின் ஊர், அவர்களுடைய பழைய பாஸ்போர்ட்டிலோ குடும்ப அட்டையிலோ இருக்கக்கூடும். அதில் முசிறி என்று இருந்தால் வேறு ஊரென்று ஒதுக்கிவிடாதீர்கள். துறையூர் அக்காலத்தில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் முசிறி தாலுகாவில்தான் இருந்தது. சாதியும் எழுதியிருக்கலாம், வயது குத்துமதிப்பாக இருக்கலாம். இரண்டுக்கும் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை வீட்டுக்குப் போகையில் அம்மாயியிடம் அவருடைய தகப்பனாரின் பெயரை மறுபடியும் கேட்காதீர்கள். அவர் எந்தப் பெரிய கங்காணியின் ஆளாக வந்தார் என்று கேளுங்கள். கங்காணிமார் பெரும்பாலும் தங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும்தான் ஆள் கட்டினார்கள். கோயில் கல்வெட்டிலும் கடன் பத்திரத்திலும் அவர்களுடைய பெயர்கள் நம் பெயர்களைவிடத் தெளிவாக இருக்கின்றன. குலதெய்வத்தின் பெயரையும் கேட்டு, அவர் சொல்லும் உச்சரிப்பிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள்.