செல் சுவர் இளகுவதும் இறுகுவதும்: கேட்டதும் சொன்னதும்

செல் சுவர்ப் புரதங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும்.

பிளஸ் டூ மாணவி: அக்கா, செல் சுவர் என்றால் செல்லுலோஸ் என்றுதான் படித்தோம். அதில் புரதத்துக்கு என்ன வேலை?

செல்லுலோஸ்தான் அதிகம்மா, புரதம் கொஞ்சம்தான். ஆனால் சுவர் எப்போது நெகிழ வேண்டும், எப்போது கெட்டிப்பட வேண்டும் என்பதில் அதற்கும் கை உண்டு. இரண்டு பெயர் போதும். எக்ஸ்பான்சின் சுவரை இளக்கும். இழைகளை அது வெட்டுவதில்லை. ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் பிடியைத் தளர்த்தும். உள்ளிருக்கும் நீரழுத்தம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். இதை 1992-ல் வெள்ளரி நாற்றின் தண்டில் கண்டுபிடித்தார்கள். எக்ஸ்டென்சின் சுவரைப் பூட்டும். 1960-களில் பெயர் வைத்தபோது, சுவர் நீள்வதில் இதற்குப் பங்கு இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. பரீட்சையில் குழம்பிவிடாதே.

இன்னொருவர்: அப்போ வளரும்போது எக்ஸ்பான்சின் மரபணு, நெருக்கடி வந்தால் எக்ஸ்டென்சின் மரபணு. சரிதானே?

எந்த நெருக்கடி, செடியின் எந்தப் பகுதி என்று பார்க்க வேண்டும். மண் காய்ந்தால் மக்காச்சோளத்தின் தண்டு வளர்ச்சி குறைந்துவிடும், வேர் நுனியோ ஈரத்தைத் தேடி நீண்டுகொண்டே போகும். அந்த நுனியில் எக்ஸ்பான்சின் மரபணுக்கள் கூடுதலாகவே வேலை செய்கின்றன.

டெல்டா விவசாயி: சம்பாவுக்கு சிஆர் 1009 சப்1 நெல் ரகம் போட்டேன். பத்து நாள் முழுகிக் கிடந்தும் பிழைத்தது. பக்கத்து வயல் பயிர் நெடுநெடுவென்று வளர்ந்து, வடிந்ததும் சாய்ந்துவிட்டது. வளர்ந்ததுதானே தப்பிக்க வேண்டும்?

அருமையான கேள்வி ஐயா. பயிர் முழுகினால் எத்திலீன் வாயு வெளியேற முடியாமல் திசுவுக்குள்ளேயே தேங்கும். ‘தண்ணீருக்குள் இருக்கிறோம்’ என்பதற்குப் பயிருக்கு அதுதான் அடையாளம். பங்களாதேஷ், தாய்லாந்துப் பக்கம் உள்ள ஆழ்நீர் நெல்லில் எத்திலீன் கூடியதும் ஜிப்பரெலின் என்ற வளர்ச்சி ஹார்மோனின் வேலை ஓங்கும், கணுவிடைகளில் எக்ஸ்பான்சின் மரபணுக்கள் விழிக்கும். ஒரே நாளில் 20 முதல் 25 செ.மீ. வரைகூட வளரும். மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும் இடத்துக்கு அது சரி.

பத்து நாளில் வடியும் வெள்ளத்தில் அப்படி வளர்ந்தால் கையிருப்பு மாவுச்சத்தெல்லாம் கரைந்துவிடும். பக்கத்து வயலில் நடந்தது அதுதான். உங்கள் பயிரில் இருக்கும் சப்1ஏ மரபணு ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ நெல்லிலிருந்து வந்தது. அதே எத்திலீன்தான் அதையும் எழுப்புகிறது. ஆனால் அது ஜிப்பரெலினுக்கு முட்டுக்கட்டை போட்டு, எக்ஸ்பான்சின் மரபணுக்களையும் மாவுச்சத்தைக் கரைக்கும் மரபணுக்களையும் அடக்கிவைக்கும். பயிர் ஏறத்தாழ இரண்டு வாரம் மூச்சடக்கிக் கிடக்கும். அதற்கு மேல் நின்றால் இதுவும் தாங்காது ஐயா.

மாடித்தோட்டக்காரர்: நாற்றை தினமும் கையால் தடவினால் தண்டு தடிக்கும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். ஆய்வகங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியைத் தொட்டால் அரை மணிக்குள் சில மரபணுக்கள் கிளம்புவதை 1990-லேயே காட்டிவிட்டார்கள். அவற்றில் ஒன்று, சுவரில் இருக்கும் சைலோகுளுக்கான் என்ற சர்க்கரைத் தொடர் இழையை வெட்டி ஒட்டும் நொதிக்கானது. மெதுவாகத் தடவுங்கள், இலை கிழிந்தால் வேறு கதை.

ஆராய்ச்சி மாணவர்: பூஞ்சைச் சாறு கொடுத்த பீன்ஸ் செல்லில் புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்த சுவர்ப் புரதத்தின் ஆர்என்ஏ குறைந்துவிட்டது, செல்லிலிருந்து கரைத்தெடுத்த புரதங்களை ஜெல்லில் பிரித்துப் பார்த்தால் அதன் பட்டையும் காணோம். செடி அந்தப் புரதத்தைக் கைவிட்டுவிட்டது என்று எழுதலாமா?

அவசரப்படாதீர்கள் தம்பி. ஆர்என்ஏ குறைவது உண்மையாக இருக்கலாம். இந்த வகை மரபணு ஒன்றின் ஆர்என்ஏ பூஞ்சைச் சாறு பட்டதும் சீக்கிரம் சிதைவதை பீன்ஸிலேயே பார்த்திருக்கிறார்கள். பட்டை காணாமல் போனது வேறு விஷயம். சாறு பட்ட சில நிமிடங்களில் செல் ஹைட்ரஜன் பெராக்சைடை வெளிவிடும். ஏற்கெனவே சுவரில் இருக்கும் புரதம் அதனால் குறுக்கே பிணைந்து இறுகிவிடும். இதற்குப் புதிதாக எந்த மரபணுவும் விழிக்கத் தேவையில்லை. அப்படிப் பிணைந்த புரதத்தை எஸ்டிஎஸ் என்ற சோப்பு போன்ற வேதிப்பொருள் போட்டுக் கொதிக்க வைத்தாலும் கரைத்தெடுக்க முடியாது. நீங்கள் தேடிய புரதம், வடிகட்டித் தூக்கிப்போட்ட சக்கையில் இருந்திருக்கும். முதலில் அந்தச் சக்கையைச் சோதித்துப் பாருங்கள்.