சக மாணவர் தலைமையில் வேதியியல்: கேள்வி பதில்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் வேதியியல் குழுக்களுக்குத் தலைமை தாங்கும் மாணவர்களைப் பயிற்றுவிக்கிறேன். அது குறித்து வந்த கேள்விகளும் என் பதில்களும்.

அக்கா, இதுவும் டியூஷனும் ஒன்றுதானே? (முதலாண்டு மாணவர்)

இல்லை தம்பி. டியூஷனில் ஆசிரியர் கணக்கைப் போட்டுக் காட்டுவார், நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். இங்கே ஆறு முதல் எட்டுப் பேர் வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தாங்களே போடுகிறார்கள். உடன் இருக்கும் தலைவர் அதே பாடத்தில் முன்பு நன்றாகத் தேறிய மாணவர். நியூயார்க் சிட்டி காலேஜில் 1990களின் தொடக்கத்தில் பொது வேதியியல் வகுப்புக்காக உருவான முறை இது.

சரியான விடைகள் அடங்கிய விடைக்குறிப்பே கிடையாதாமே? தப்பாகப் படித்துவிட்டால்? (இன்னொரு மாணவர்)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. போன மாதம் ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். 4 கிராம் ஹைட்ரஜனும் 16 கிராம் ஆக்சிஜனும் வினைபுரிந்தால் எவ்வளவு நீர் கிடைக்கும்? நான்கு பேர் கூட்டிப் பார்த்து 20 கிராம் என்றார்கள். தலைவி சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. “எது முதலில் தீரும்?” என்று மட்டும் கேட்டாள். நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன் மோல் (துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு) கணக்கிட்டான்: ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் அரை. அரை மோல் ஆக்சிஜனுக்கு ஒரு மோல் ஹைட்ரஜன் போதும். ஆக, நீர் 18 கிராம், மிச்சம் 2 கிராம் ஹைட்ரஜன். “அந்த 20 இங்கேதான் இருக்கிறது!” என்று ஒரு பெண் கத்தியேவிட்டாள். விடைக்குறிப்பு இருந்திருந்தால் அந்த மௌனத்தை யாரும் பொறுத்திருக்க மாட்டார்கள்.

என் மகள் வாயே திறக்கமாட்டாள். அவளுக்கு ஒத்துவருமா? (ஒரு தந்தை)

வரும் ஐயா. முதலில் இருவர் இருவராகப் பேசவிட்டுப் பிறகுதான் குழுவுக்குக் கொண்டுவருவோம். விரிவுரையாளரிடம் “புரியவில்லை” என்று சொல்லத் தயங்கும் பிள்ளை, ஒரு வயது மூத்த அக்காவிடம் சொல்லிவிடுகிறது.

தலைவியானால் என் படிப்பு கெடுமா? (இரண்டாமாண்டு மாணவி)

நேரம் போகும், உண்மைதான். ஆனால் பிறர் தடுமாறும் இடத்தைக் கவனிக்கும்போது உங்கள் அடிப்படையும் உறுதிப்படும்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நாங்களே தொடங்கலாமா? (நண்பர்கள் மூவர்)

தாராளமாக. ஆனால் விரிவுரையாளரை விட்டுவிடாதீர்கள். கேள்விகள் அந்த வாரப் பாடத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். குழு கூடுவதற்கு முன் தலைவர் அவற்றை அவரோடு உட்கார்ந்து ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். இந்தச் சந்திப்பைக் கைவிட்ட குழுக்கள் சில வாரங்களிலேயே வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதும் இடமாகிவிட்டதைக் கண்டிருக்கிறேன்.