பழைய கிரைண்டிங் மெஷினில் ஸ்பிண்டில் தேய்ந்தால் சரிசெய்ய முடியுமா?

சிங்கப்பூர் துவாஸ் பட்டறையில் இருக்கும் பழைய சர்ஃபேஸ் கிரைண்டரில் (தட்டையான பரப்பைத் தேய்த்து மழமழப்பாக்கும் மெஷின்) பேரிங் மாற்றிய பிறகும், தேய்த்த பரப்பில் அலை அலையாகத் தடம் விழுகிறது என்கிறீர்கள். பேரிங் உட்காரும் இடத்தில் ஸ்பிண்டிலே, அதாவது கிரைண்டிங் சக்கரத்தைச் சுழற்றும் தண்டே, தேய்ந்திருக்கலாம். அதைக் கழற்றி, இரு முனையிலும் உள்ள சென்டர் துளைகளைத் துடைத்து, இரு முனையையும் சென்டரில் (கூர்முனைத் தாங்கி) தாங்கி, டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளில் காட்டும் அளவுகோல்) வைத்துச் சுற்றிப் பாருங்கள். பேரிங்கின் உள்வளையம் வழுக்கிச் சுற்றியிருந்தால் அந்த இடம் பளபளக்கும், நகத்தில் படி தட்டுப்படும். நம்ம ஊர் ஈரக்காற்றில் துரு சீக்கிரம் ஏறும், உடனே எண்ணெய் பூசுங்கள்.

0.02, 0.03 மில்லிமீட்டர் தேய்மானம்தானே? ஹார்டு குரோம் (மின்முலாமாக ஏற்றும் கடினமான குரோமியப் பூச்சு) பூசி, மறுபடி அளவுக்குக் கிரைண்டிங் செய்யலாம். கடினப்படுத்திய எஃகு என்றால் பூசிய கையோடு அடுப்பில் சூடேற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உள்ளே புகுந்த ஹைட்ரஜனால் விரிசல் விடலாம். வெல்டிங் வைத்து நிரப்பலாம் என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள், சூட்டில் தண்டு கோணிவிடும்.