அதிகம் பறக்காத பழைய சிறு விமானத்தை வாங்கலாமா? எதைப் பார்த்து முடிவு செய்வது?

நீங்கள் பார்த்து வைத்திருப்பது 1975-ல் செய்த செஸ்னா 172எம். மொத்தமே 1,450 மணி நேரம்தான் பறந்திருக்கிறது. 1999-ல் இன்ஜினை ஓவர்ஹால் செய்த (முழுதாகப் பிரித்துப் புதுப்பித்த) பிறகு ஓடியது 380 மணி நேரம், அதிலும் கடைசி எட்டு வருடங்களில் வெறும் 40. விற்பவர் இதையே பெரிய சிறப்பாகச் சொல்லி விலையை ஏற்றி வைத்திருக்கிறார். "இவ்வளவு குறைவாக ஓடிய விமானத்தை விட்டுவிடலாமா?" என்று கேட்கிறீர்கள்.

விமானத்தை விட வேண்டாம், அந்த விலையைக் கொடுக்காதீர்கள். 2,000 மணி நேர ஆயுளில் 380 போக இன்னும் 1,620 மிச்சம் இருக்கிறது என்பது விற்பவர் போடும் கணக்கு. இன்ஜினைச் செய்த லைகமிங் நிறுவனம் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. ஓவர்ஹால் இடைவெளியைப் பற்றிய அவர்களுடைய சர்வீஸ் இன்ஸ்ட்ரக்‌ஷன் 1009, மணி நேரத்தோடு 12 வருடம் என்ற வரம்பையும் வைத்திருக்கிறது. அந்த வரம்பு இந்த இன்ஜினுக்கு 2011-லேயே முடிந்துவிட்டது. சொந்தமாக வைத்துப் பறப்பவர்களுக்குப் பல நாடுகளில் இது கட்டாயம் இல்லை, ஒழுங்காகப் பறந்த இன்ஜின்கள் 12 வருடம் தாண்டியும் நன்றாக ஓடுகின்றன. ஆனால் இது ஒழுங்காகப் பறந்த இன்ஜின் இல்லையே.

சும்மா நின்றால் என்ன கெட்டுவிடும்? இந்த 172எம்-ல் இருப்பது லைகமிங் ஓ-320. இதில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், புரொப்பல்லரைச் சுற்றும் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. இன்ஜினை நிறுத்தியதும் எண்ணெய் கீழே வடிந்துவிடும், கேமிலும் (அந்தத் தண்டில் உள்ள மேடுகள்) அது தள்ளும் டேப்பட்டிலும் மெல்லிய படலம்தான் மிஞ்சும். நாள் போகப் போக அதுவும் போய்விடும். அப்புறம் ஈரக்காற்று வேலையைத் தொடங்கிவிடும். டேப்பட்டின் முகம் கெட்டிப்படுத்திய இரும்பு. நல்ல நிலையில் வழவழவென்று மின்னும். துரு பிடித்தால் முதலில் ஊசிமுனை அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். நின்றுகொண்டிருக்கும்வரை அந்தக் குழிகளால் எந்தத் தொந்தரவும் இல்லை. நீங்கள் வாங்கி, ஆசையாகப் பறக்க ஆரம்பித்த பிறகுதான் அழுத்தத்தில் குழியின் ஓரங்கள் பெயரும். பெயர்ந்த துகள் எண்ணெயில் கலக்கும், கேமின் மேடு தேயும், வால்வு முழுதாகத் திறக்காமல் போகும், சக்தி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கடைசியில் இந்தத் தண்டுகளை மூடியிருக்கும் கூடான கிராங்க்கேஸைப் பிளந்து முழு ஓவர்ஹால்.

"அதெல்லாம் ஒன்றும் ஆகாது, வாராவாரம் ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓடவிடுவேன்" என்று விற்பவர் சொன்னால், அவர் நல்ல எண்ணத்தில் செய்திருந்தாலும் எனக்குக் கவலை கூடும். பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகிறது, அதில் ஒரு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கிராங்க்கேஸுக்குள் போகிறது. எண்ணெய் நன்றாகச் சூடேறினால்தான் அந்த ஈரம் வெளியேறும். லைகமிங் சொல்லும் அளவு, எண்ணெய் சுமார் 74 முதல் 93 டிகிரி செல்சியஸில் இருக்கும்படி குறைந்தது ஒரு மணி நேரம் தொடர்ந்து பறப்பது. தரையில் பத்து நிமிஷம் ஓடவிட்டால் ஈரத்தை உள்ளே சேர்த்து வைப்பதுதான் மிச்சம். புரொப்பல்லரைக் கையால் சுற்றிவைப்பதும் அப்படித்தான்: இருக்கிற கொஞ்சம் படலத்தையும் வழித்துவிடும். தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் பூமி இணைப்பில் கோளாறு இருந்தால் இன்ஜின் திடீரென்று ஓட ஆரம்பித்து கையையே எடுத்துவிடும்.

எல்லோரும் நம்பிக் கையில் பிடித்துக்கொள்வது கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் செலுத்திய காற்றழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்ற சோதனை. 80-க்கு 76 வந்தால் "இன்ஜின் பிரமாதம்" என்பார்கள். அந்த எண் பிஸ்டன் வளையங்களையும் வால்வுகளையும் பற்றித்தான் பேசுகிறது. கேம் பாதி தேய்ந்திருந்தாலும் அதே 76 வரும். வருடாந்திரச் சோதனையில் கையெழுத்து ஒழுங்காக இருப்பதும் இதற்குப் பதில் ஆகாது, அந்தச் சோதனையில் யாரும் கேமைத் திறந்து பார்ப்பதில்லை. எண்ணெயில் தேய்ந்த உலோகம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை உதவும், ஆனால் பல வருட முடிவுகள் வரிசையாக இருந்தால்தான். எட்டு வருடத்தில் 40 மணி நேரம் ஓடியதில் ஒரே ஒரு மாதிரியை எடுத்துப் பார்த்துப் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது.

கேமை நேராகப் பார்க்க, ஓ-320-ன் இந்த வகையில் ஒரு சிலிண்டரையாவது கழற்ற வேண்டும். டேப்பட் காளான் வடிவம், கிராங்க்கேஸைப் பிளக்காமல் வெளியே எடுக்க வராது. சிலிண்டரைக் கழற்ற விற்பவர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதில் நியாயம் உண்டு, திரும்பப் பூட்டுவதில் தவறு நேர்ந்தால் அது வேறு ஆபத்து. அப்போது வால்வு மூடிகளைக் கழற்றி, டயல் கேஜ் வைத்து, ஒவ்வொரு வால்வும் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். ஏதாவது ஒன்று மற்றவற்றைவிடக் குறைவாக நகர்ந்தால் அங்கே கேம் தேய்ந்திருக்கிறது. தேய்மானம் தொடங்காத வெறும் துருக்குழி இதில் தெரியாது. சிலிண்டருக்குள் போரோஸ்கோப் என்ற மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பது இன்னொரு வழி. சுவர்களில் பழுப்புத் துரு படர்ந்திருந்தால் கேமும் சுகமாக இருக்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால், செலவே இல்லாமல் செய்ய வேண்டியது லாக்புக்கை வாங்கி உட்கார்ந்து படிப்பது. ஒவ்வொரு வருடாந்திரச் சோதனையிலும் இன்ஜின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் டாக்கோமீட்டர் என்ன காட்டியது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். எட்டு வருடத்தில் 40 மணி நேரம் என்பது வருடத்துக்கு ஐந்தாக இருக்கலாம். முதல் இரண்டு வருடத்தில் 38 ஓடி, பிறகு ஆறு வருடம் கிட்டத்தட்ட அசையாமல் நின்றதாகவும் இருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல. எண்ணெய் மாற்றிய தேதிகளைப் பாருங்கள். ஃபில்டர் உள்ள இன்ஜினுக்கு 50 மணி நேரம் அல்லது நான்கு மாதம் என்பது லைகமிங்கின் விதி. "மணி நேரமே ஓடவில்லை, எதற்கு மாற்றணும்" என்று வருடக்கணக்கில் விட்டிருந்தால், அமிலமும் ஈரமும் ஊறிய எண்ணெயிலேயே அந்த இன்ஜின் கிடந்திருக்கிறது. கடலோரத்தில் வெட்டவெளியில் நின்றதா, வறண்ட ஊரில் ஹாங்கருக்குள் நின்றதா என்பதையும் கேளுங்கள். நிறுத்திவைக்கும்போது பாதுகாப்பு எண்ணெய் ஊற்றி, ஸ்பார்க் பிளக் துளைகளில் ஈரம் உறிஞ்சும் பிளக் போட்டு, துளைகளை அடைத்து வைத்ததாகப் பதிவு இருந்தால் நான் மேலே சொன்னதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அப்படிச் செய்கிறவர்கள் குறைவு, செய்தவர் கட்டாயம் எழுதி வைத்திருப்பார்.

உடல் பகுதியைப் பொறுத்தவரை குறைந்த மணி நேரம் உண்மையிலேயே லாபம், உலோகச் சோர்வு குறைவாக இருக்கும். ஆனால் அரிப்புக்கு மணி நேரம் தெரியாது. எழுபதுகளின் செஸ்னாக்களில் உட்புறத்துக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு பொதுவாகக் கிடையாது, கேட்டு வாங்கியவர்களுக்குத்தான் அடித்துக் கொடுத்தார்கள். அதனால் எல்லாச் சோதனை மூடிகளையும் கழற்றி இறக்கைக்குள்ளும் வாலுக்குள்ளும் விளக்கு அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி, உப்பிய ரிவெட், எலிக்கூடு மூன்றும் கெட்ட செய்தி. எலி மூத்திரம் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

ரப்பர் எல்லாம் மாற்ற வேண்டியது என்றே கணக்கில் வையுங்கள்: எரிபொருள், எண்ணெய்க் குழாய்கள், டயர், பிரேக் சீல், முன்சக்கர ஸ்ட்ரட் சீல். 172எம்-ல் புரொப்பல்லர் நிலையான கோணம், டாங்கியும் ரப்பர் பை இல்லை, உலோகம்; அதனால் கோணம் மாறும் புரொப்பல்லரின் சீல், ரப்பர் டாங்கி என்ற இரண்டு கவலையும் இல்லை. பறக்கும் வேகத்தை அளக்க உதவும் பைட்டாட் குழாயைக் கட்டாயம் சுத்தம் செய்து சோதிக்கச் சொல்லுங்கள். 1996-ல் பிர்கன்ஏர் நிறுவனத்தின் விமானம் 189 பேரோடு கடலில் விழுந்த விபத்து தொடங்கியது அடைபட்ட பைட்டாட் குழாயில்தான். சில வாரங்கள் தரையில் மூடாமல் நின்றபோது குளவி கூடு கட்டியிருக்கலாம் என்பதுதான் விசாரணையின் ஊகம். அது போயிங் 757. உங்களுடையது வருடக்கணக்கில் நின்றது.

சோதனை செய்யும் மெக்கானிக் நீங்களே தேடிப் பிடித்த ஆளாக இருக்கட்டும், இதுவரை அந்த விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டவர் வேண்டாம். விலையை, இன்ஜின் ஓவர்ஹாலுக்கு வந்துவிட்டது என்று வைத்துப் பேசுங்கள். விற்பவர் இறங்கி வராவிட்டால், ஓவர்ஹாலுக்குப் பின் 1,500 மணி நேரம் ஓடி இன்றும் வாரம் தவறாமல் பறக்கிற இன்னொரு 172-ஐத் தேடிப் பிடியுங்கள். நானாக இருந்தால் அதைத்தான் வாங்குவேன்.

இதையே வாங்குவதாக முடிவானால், முதல் பத்து மணி நேரத்தை விமானதளத்தைச் சுற்றியே, தனியாக, நல்ல வெளிச்சத்தில் பறந்து முடியுங்கள். பிறகு எண்ணெயை மாற்றி, ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்து, காந்தத்தை வைத்துத் துழாவுங்கள். இரும்புத் துகள் ஒட்டினால் அடுத்த பயணத்தை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எதுவும் ஒட்டாவிட்டாலும் இன்னொரு 25 மணி நேரம் கழித்து மறுபடி வெட்டிப் பாருங்கள். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.