பிரேக் மிதித்தால் பின் விளக்கு அணைகிறது, வயரிங் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 1999 மாடல் மாருதி 800, தூத்துக்குடியில் ஓடுகிற வண்டி. இரவில் பிரேக் மிதித்தால் வலது பின் விளக்கு பளிச்சென்று எரியாமல் அணைந்தே போகிறது. பகலில் பார்க் லைட் போடாமல் மிதித்தால் மீட்டர் போர்டு லேசாக மினுங்குகிறது. ஹெட்லைட்டும் மங்கல். முழு வயரிங்கையும் மாற்றச் சொல்கிறார் எலக்ட்ரீஷியன். மாற்றலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மீட்டர் போர்டு மினுங்குகிறது என்று எழுதினீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. வலது பின் விளக்குக்கு எர்த், அதாவது கரண்ட் வண்டியின் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி, கிடைக்கவில்லை.

அந்த பல்பில் இரண்டு இழைகள், பார்க் லைட்டுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட், இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான். அந்த எர்த் துருப்பிடித்துப் போனால், பிரேக் இழைக்குள் வந்த கரண்ட் வெளியேற வழியில்லாமல் பக்கத்து இழை வழியாகப் பின்னோக்கிப் போய், பார்க் லைட் வயரைப் பிடித்து, எர்த் நன்றாக இருக்கிற மீட்டர் போர்டு பல்பு வழியாக இறங்குகிறது. அதனால்தான் மினுங்கல். இரவில் பார்க் லைட் எரியும்போது பிரேக்கும் மிதித்தால் இரண்டு இழைகளுக்கும் ஒரே 12 வோல்ட், இறங்க வழியே இல்லை, விளக்கு அணைகிறது. கடற்கரை ஊரின் உப்புக்காற்றில் இருபத்தைந்து வருஷம் ஓடிய வண்டிக்கு இது வராவிட்டால்தான் ஆச்சரியம்.

முதலில் பல்பைக் கழற்றிப் பாருங்கள். இரட்டை இழை பல்பில் பக்கவாட்டு முனைகள் இரண்டும் வேறு வேறு உயரத்தில் இருக்கும். யாராவது ஒற்றை இழை பல்பை அழுத்தித் திணித்திருந்தாலும் மீட்டர் போர்டு இப்படி மினுங்கலாம். பல்பு சரியா? அப்படியானால் ஒரு வயரின் ஒரு முனையை ஹோல்டரின் உலோக உடம்பிலும், மறுமுனையை டிக்கிக்குள் பெயின்ட் சுரண்டிய பாடியிலும் வைத்துப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். பளிச்சென்று எரிந்தால் எர்த்தேதான். அந்த விளக்கின் எர்த் வயர் பாடியில் சேரும் இடத்தில் ஸ்க்ரூவைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு வெள்ளையாகத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். பத்து ரூபாய்கூட ஆகாது.

மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். விளக்கு எரியும்போது ஹோல்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்து பாருங்கள், 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் இன்னும் தேய்க்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் ஹெட்லைட். இன்ஜினை ஓடவிட்டு பேட்டரியில் அளந்தால் ஏறக்குறைய 14 வோல்ட் வரும். பல்பின் கனெக்டரில் 12 தான் வந்தால், பாக்கி இரண்டு வோல்ட்டை பழைய ஸ்விட்சும் வயரும் எர்த்தும் தின்கின்றன என்று அர்த்தம். வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தாலே ஹாலஜன் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். இங்கேயும் முதலில் எர்த், கனெக்டர் இரண்டையும் சுத்தம் செய்யுங்கள். அப்படியும் போதவில்லை என்றால், பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸுடன் ரிலே கிட் (ஸ்விட்சின் சிறு கரண்டில் இயங்கி, பெரிய கரண்டைத் தானே இணைக்கும் கருவி) போடுங்கள், ஹெட்லைட் கரண்ட் ஸ்விட்ச் வழியாகச் சுற்றாது. இதை விட்டுவிட்டு அதிக வாட் உள்ள 100/90 பல்பு வாங்கிப் போட்டால் ஹோல்டர் உருகும், நான் கழற்றி எறிந்த உருகின ஹோல்டர்களுக்குக் கணக்கில்லை. ஃபியூஸ் போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுவதும் அதே ரகம்தான்.

இதெல்லாம் செய்தும் மங்கல் என்றால் லேம்புக்குள் எட்டிப் பாருங்கள். ரிஃப்ளெக்டரில் பளபளப்புப் பூச்சு கறுத்திருந்தால் எந்த வயரிங்கும் உதவாது, ஹெட்லைட்டை ஜோடியாக மாற்ற வேண்டியதுதான்.